டேலி ஆகாத துடிப்பு

என் நெஞ்சுக்குப் போன வருஷம் மட்டும் 23,750 ரூபாய் செலவு செய்திருக்கிறேன். பில்கள் எல்லாம் ஒரு பச்சைக் கவரில் தேதி வாரியாக இருக்கின்றன. முப்பது வருஷமாகக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் வேறு எப்படி வைப்பேன்? அந்தக் கவரில் உள்ள ரிப்போர்ட்டுகளில் கடைசி வரி அநேகமாக ஒன்றுதான்: நார்மல். ஈசிஜி நார்மல், எக்கோ நார்மல், டிரெட்மில் நார்மல், தைராய்டு நார்மல். நெஞ்சு மட்டும் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பில்லும் சரியாக இருந்து, ஐந்தொகை மட்டும் டேலி ஆகாமல் உட்கார்ந்திருக்கும் மார்ச் 31 ராத்திரி மாதிரி ஒரு நிலைமை.

எனக்கு வயது 51. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். 1994-இல் ரயிலேறி வந்தபோது இந்த ஊருக்குப் பெயர் பம்பாய்தான். அன்றிலிருந்து மஸ்ஜித் பந்தரில், முந்திரி, ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒரு கட்ச் சேட்டிடம் கணக்கு. வீடு செம்பூர். ஹார்பர் லைன் ரயிலில் காலை ஒரு நிற்றல், இரவு ஒரு நிற்றல். மற்றபடி சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, சிகரெட் இல்லை. கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, உண்டு. எத்தனை என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் தடவை வந்தது ஆடி மாதம், நல்ல மழை நாள். தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி, வண்டி வடாலாவிலேயே முக்கால் மணி நேரம் நின்று, வீட்டுக்கு வந்து சேர பத்தரை ஆகிவிட்டது. பசி. சாம்பாரும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு கட்டு கட்டிவிட்டு, பதினொன்றேகாலுக்கு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் ஒரு குலுக்கல். இருட்டில் மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்கிறது என்று காலை வைப்போம், படி இருக்காது, உடம்பே ஒரு தரம் தூக்கிப்போடும் இல்லையா, அது நெஞ்சுக்குள் நடந்தது. ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அப்புறம் 'தொம்' என்று ஓர் அடி. அப்புறம் படபடவென்று ஒரு நிமிஷம். எழுந்து உட்கார்ந்தேன். நின்றது. படுத்தேன். மறுபடியும்.

"என்னங்க, வேர்க்குதா? கை வலிக்குதா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். இரண்டும் இல்லை. ஆனாலும் அவள் சீரகத் தண்ணீர் வைக்கப் போகாமல் நேராக ஆட்டோவைக் கூப்பிடச் சொன்னாள். காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும்.

காரணம், சித்தப்பா. 1998-இல் அவருக்கு வயது 46. வயலுக்குப் போய்விட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் வாயு என்றார்கள். அம்மாதான் கடையிலிருந்து கோலி சோடா வாங்கி வரச் சொல்லி, எலுமிச்சையும் உப்பும் போட்டு ஆற்றிக் கொடுத்தாள். பெரிய ஏப்பம் ஒன்று விட்டாராம். "பாத்தியா, நான் சொல்லல" என்று ஆளாளுக்குச் சிரித்தார்களாம். விடியற்காலையில் ஆள் இல்லை. அம்மா அதைப் பற்றி அதிகம் பேச மாட்டாள். சோடா மட்டும் அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை.

அன்றைக்குப் போன ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மூன்று மணி நேரம் படுக்க வைத்து மறுபடியும் ஈசிஜி எடுத்தார்கள். அதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியில் வந்த இளம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தபடியே, "சப் நார்மல் ஹை, கேஸ் ஹோகா" என்றார். எல்லாம் நார்மல், வாயுவாக இருக்கும் என்று அர்த்தம். என் முகத்தைப் பார்த்திருந்தால் அந்த 'கேஸ்' என்ற சொல் எனக்குள் எங்கே போய் இடித்தது என்று தெரிந்திருக்கும். 1998-இல் திண்ணையில் சொன்னது, இப்போது ஏசி ரூமில்.

மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்தேன். முழுக்கதையும் சொல்லவில்லை. ராத்திரி நெஞ்சு கொஞ்சம் படபடத்தது என்று மட்டும்.

"வாயு புடிச்சிருக்கும்யா. ஓமத்தைக் கொதிக்கவச்சிக் குடி. நேரங்கெட்ட நேரத்துல திங்காதேன்னா கேக்கியா?"

கொஞ்சம் நிறுத்தி, "ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்றாள்.

"போனேம்மா."

"அப்பஞ்சரி."

அடுத்த பத்து நாளில் நான்கு ராத்திரி அதே குலுக்கல். எங்கள் ஸ்டேஷன் பக்கத்து டாக்டர் ஒரு மராத்திக்காரர், எழுபதை நெருங்குகிறவர். என் பெண் பிறந்த காலத்திலிருந்து பழக்கம். அவரிடம் போனேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்விப் பட்டியலையே இறக்கினார். மயக்கம் வந்ததா, கண் இருட்டியதா? மூச்சு வாங்குகிறதா? நெஞ்சு வலி இருக்கிறதா? வேகமாக நடக்கும்போது வருகிறதா, சும்மா இருக்கும்போது வருகிறதா? குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று போயிருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்குச் சித்தப்பாவைச் சொன்னேன். பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

உழைப்பில் வருகிறதா என்பதற்கு என்னிடம் நல்ல சாட்சி இருந்தது. செட்டா நகர் முருகன் கோயிலுக்கு 108 படி. ஒவ்வொரு கிருத்திகைக்கும் ஏறுகிறேன். அந்த மாதமும் ஏறினேன், வழக்கமாக இளைக்கிற அளவுக்குத்தான் இளைத்தது. துடிப்பு தப்பவில்லை. "அது நல்ல செய்தி. ஆனால் அதை வைத்துக்கொண்டு உன்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்று சொல்லி, ஒரு முழு நீளச் சீட்டு எழுதினார்.

எக்கோ என்பது இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன். அதில் இதயம் நன்றாகச் சுருங்கி விரிகிறது, வால்வுகள் சரி. டிரெட்மில்லில் மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒன்பதாவது நிமிஷம் வரை தாங்கினேன். குர்லாவில் ஓடி வண்டி பிடிக்கிறவனுக்கு அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. ஹீமோகுளோபின், பொட்டாசியம், தைராய்டு எல்லாம் வரம்புக்குள்.

மிச்சம் இருந்தது ஹோல்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரண ஈசிஜி சில நொடிதான் ஓடும். உங்கள் படபடப்பு அந்த நேரத்தில் வராவிட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. ஆடிட்டர் வருகிற அன்றைக்கு மட்டும் கல்லா ஒழுங்காக இருப்பது மாதிரி. ஹோல்டர் 24 மணி நேரமும் கூடவே இருந்து ஒவ்வொரு துடிப்பையும் எழுதிக்கொள்ளும். அமெரிக்காவில் நார்மன் ஹோல்டர் என்பவர் முதலில் செய்ததை முதுகில் மூட்டை மாதிரி சுமக்க வேண்டுமாம், எடை ஏறக்குறைய 38 கிலோ. எனக்குக் கட்டியது சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்னப் பெட்டி. நெஞ்சில் ஒட்டுகிற பட்டைகள், அதிலிருந்து ஒயர்கள். குளிக்கக் கூடாது. மும்பை வேர்வையில் ஒரு நாள் குளிக்காமல், நெஞ்சு நிறைய பிளாஸ்டருடன் ஹார்பர் லைனில் போவது தனிச் சுகம். மஸ்ஜித் ஸ்டேஷன் பாலத்தில் ஒரு போலீஸ்காரர் சட்டைக்கு மேலே எட்டிப் பார்த்த ஒயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த ஊரில் அவர் பார்த்தால்தான் நியாயம். சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்டி, டாக்டர் சீட்டையும் நீட்டினேன். "பஸ் கரோ காகா, ஜாவோ", போதும் போங்கள் என்று சிரித்துவிட்டார்.

அந்தப் பெட்டியில் ஒரு பொத்தான் இருக்கும். நெஞ்சில் ஏதாவது தோன்றினால் அமுக்க வேண்டும், அமுக்கிய நேரத்தையும் ஒரு தாளில் எழுத வேண்டும். நான் ஒன்பது தடவை அமுக்கினேன்.

ரிசல்ட்: மொத்தத் துடிப்பு 1,04,218. அதில் முறை தவறி வந்தவை, கீழறையிலிருந்து 214, மேலறையிலிருந்து 61. தொடர்ச்சியாக ஓடிய கோளாறு எதுவும் இல்லை. சதவீதம் போட்டுப் பார்த்தேன், கால் சதவீதம் சொச்சம். நான் அமுக்கிய ஒன்பதில் ஆறு தடவை உண்மையாகவே அந்த முறை தவறிய துடிப்பு இருந்தது. மூன்று தடவை ஒன்றுமே இல்லை, சாதாரணத் துடிப்பு. அந்த மூன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இல்லாத பற்றை நானே எழுதியிருக்கிறேன்.

இதய டாக்டர் பொறுமைசாலி, படம் போட்டுக் காட்டினார். துடிப்பு ஒன்று தன் முறைக்கு முன்னாலேயே முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. உடனே இதயம் ஒரு கணம் இடைவெளி விடுகிறது. அந்த இடைவெளியில் கீழறையில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ரத்தம் நிரம்புகிறது. அடுத்த துடிப்பு அதை எல்லாம் சேர்த்து வெளியே தள்ளுகிறது. அந்த 'தொம்', வரிசை மீறி வந்த துடிப்பு இல்லை, அதற்கு அடுத்து ஒழுங்காக வந்த துடிப்பு. இது ஆரோக்கியமான ஆட்களுக்கும் உண்டு, பாதிப் பேருக்குத் தெரிவதே இல்லை, உங்கள் இதயத்தின் அமைப்பு சரியாக இருப்பதால் இத்தனை குறைந்த எண்ணிக்கைக்குப் பயம் வேண்டாம் என்றார். சரி. அப்படியானால் ஏன் ராத்திரி மட்டும்? அதற்கு அவர் "டீ, தூக்கமின்மை, டென்ஷன், சில சமயம் வயிறும்கூட" என்றார்.

வயிறும்கூட. மறுபடியும் திண்ணைக்கே வந்துவிட்டோம்.

எனக்கு 'இருக்கலாம்' என்ற சொல் பிடிக்காது. சேட்டிடம் "ஸ்டாக் இருக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். அதனால் ஒரு நோட்டு போட்டேன். தேதி, நேரம், எத்தனை குலுக்கல், கடைசியாக என்ன தின்றது, எப்போது தின்றது, எந்தப் பக்கம் படுத்தது, சாய் எத்தனை. நாற்பது நாள் விடாமல் எழுதினேன். பெண் எட்டிப் பார்த்து, "அப்பா, இதுக்கும் கன்ட்ரா என்ட்ரியா?" என்று கேலி செய்தாள். பி.காம் படிக்கிறாள், வாய் அதிகம்.

நாற்பது நாளில் 31 பதிவு. அதில் 22, இரவு பத்தே முக்காலுக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில். மாதம் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டிய நாட்கள். அந்த நாட்களைச் சுற்றித்தான் கூட்டம். முதலில் டென்ஷன் என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தால், அந்த நாட்களில் மாலை ஆறு மணிக்கு இரண்டு வடாபாவ், கூடவே பூண்டுச் சட்னி, எட்டோ ஒன்பதோ கட்டிங் சாய், பத்தரைக்கு வீட்டில் முழுச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் பதிவே கிடையாது, ஒன்றே ஒன்று தவிர. ஞாயிறு எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிடுவோம். அந்த ஒன்று என்ன என்று பார்த்தேன். மாட்டுங்காவில் ஒரு கல்யாண ரிசப்ஷன்.

நோட்டை மராத்தி டாக்டரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். "கட்டி டகார் வருமா?" என்றார். புளித்த ஏப்பம். வரும். காலையில் தொண்டை கரகரப்பு? உண்டு. படுத்தால் தொண்டை வரைக்கும் ஏதாவது மேலே வருமா? இதற்கு எங்கள் பக்கத்தில் அச்சாக ஒரு சொல் இருக்கிறது, எதுக்களிக்கிறது என்போம். வருஷக்கணக்காக எதுக்களிக்கிறது, அதையெல்லாம் யாராவது வியாதி என்று சொல்வார்களா?

அப்புறம் கேட்டார், "மாத்திரை ஏதாவது போடுகிறாயா?"

போட்டேன். யாரையும் கேட்காமல், மெடிக்கலில் கேஸ் மாத்திரை என்று கேட்டு வாங்கி, இரண்டு வருஷமாக வாரத்துக்கு நாலைந்து. பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர் திருப்பித் தரவில்லை. அதில் இரண்டு மருந்து கலந்திருக்கிறது. ஒன்று பான்டோபிரசோல், அமிலத்தைக் குறைப்பது. இன்னொன்று டோம்பெரிடோன், வயிற்றைச் சீக்கிரம் காலி செய்ய வைப்பது. இந்த இரண்டாவது மருந்து சிலருக்கு இதயத்தின் மின்னோட்டத்தையே பாதிக்கும், ஈசிஜியில் க்யூடி என்று ஓர் இடைவெளியை அளப்பார்கள், அதை நீட்டிவிடும் என்றார். ஐரோப்பாவில் 2014-லேயே இதை எவ்வளவு, எத்தனை நாள் கொடுக்கலாம் என்று கட்டுப்படுத்திவிட்டார்கள். முதல் மருந்தும் லேசுப்பட்டது இல்லை. வருஷக்கணக்கில் போட்டால் சிலருக்கு மெக்னீசியம் குறையும், மெக்னீசியம் குறைந்தால் துடிப்பு தப்பும். என் ஈசிஜியில் க்யூடி சரியாகத்தான் இருந்தது. மெக்னீசியமும் பார்க்கச் சொன்னார், வரம்பின் கீழ் ஓரத்தில் இருந்தது. ஆனாலும் படபடப்பை வாயு என்று நினைத்து, வாயுவுக்காகப் படபடப்பு வரவழைக்கக்கூடிய மாத்திரையைப் போட்டிருக்கிறேன் என்றால், என் புத்தியை என்ன சொல்வது?

வயிற்று டாக்டரிடம் அனுப்பினார். எண்டோஸ்கோப்பி, வாய் வழியாகக் கேமராக் குழாயை இறக்கிப் பார்ப்பது. தொண்டையில் ஒரு ஸ்ப்ரே அடிப்பார்கள், கசப்பு, பிறகு எச்சில் விழுங்குவதே தெரியாது. ஐந்து நிமிஷ வேலை. உணவுக்குழாயின் அடியில் லேசான புண், வயிற்றின் மேல் பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் என்ற தசையின் துளை வழியாக இரண்டு சென்டிமீட்டர் மேலே ஏறியிருக்கிறது. அதற்குப் பெயர் ஹயட்டஸ் ஹெர்னியா. கவரில் நார்மல் என்று எழுதாத ஒரே தாள் இதுதான். சொன்னால் சிரிப்பீர்கள், அதைப் பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

உணவுக்குழாய் இதயத்தின் இடது மேலறைக்குப் பின்னால் உரசிக்கொண்டே போகிறதாம். அதனால்தான் சில நோயாளிகளுக்கு எக்கோ கருவியை வாய் வழியாக உணவுக்குழாய்க்குள் இறக்கி, அங்கிருந்து இதயத்தைப் பார்க்கிறார்கள். வேகஸ் என்று ஒரு நரம்பு மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு, இதயத்துக்கும் கிளை விட்டு, வயிற்றுக்கும் குடலுக்கும் இறங்குகிறது. லத்தீனில் அந்தப் பெயருக்கு அலைந்து திரிவது என்று பொருள். வயிறு உப்பினால், அமிலம் மேலே ஏறினால், அந்த நரம்பு வழியாக இதயத்துக்கும் சேதி போகலாம். வயிறு முட்டத் தின்றால் செரிமானத்துக்கு ரத்தம் வேண்டும், இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். வயிற்றுக்கும் இதயத்துக்கும் உள்ள இந்தச் சம்பந்தத்தை ரோம்ஹெல்ட் என்ற ஜெர்மன் டாக்டர் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதிவைத்திருக்கிறார். அவர் பெயரிலேயே ஒரு நோய்க்குறியும் இருக்கிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு வயிற்று டாக்டரும் கடைசியில் "இருக்கலாம்" என்றார். உன் விஷயத்தில் இதுதான் காரணம் என்று காட்டுகிற டெஸ்ட் கிடையாது, வயிற்றைச் சரிசெய்து பார், குறைந்தால் புரிந்துகொள்வோம். சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று எங்கள் தொழிலில் ஒன்று உண்டு. எங்கே எழுதுவது என்று தெரியாததை அதில் போட்டு வைப்போம். அதில்தான் போட்டேன்.

வைத்தியம் ரொம்பச் சாதாரணம். பான்டோபிரசோல் தனியாக, காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், எட்டு வாரம், அதோடு நிறுத்தம். சாய் இரண்டு. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி. இந்தக் கடைசிதான் கஷ்டம். ஒன்பதரைக்கு வீடு வந்து சேர்கிறவன் எப்படி ஏழரைக்குச் சாப்பிடுவது? வீட்டுக்காரிதான் வழி கண்டுபிடித்தாள். இப்போது இரண்டு டப்பா. ஏழு மணிக்கு ஆபீசிலேயே தயிர்ச்சோறோ இட்லியோ முடித்துக்கொள்கிறேன். சேட் முதல் நாள் பார்த்துவிட்டு, "க்யா, ஜெயின் பன் கயா?" என்றார், என்ன, ஜெயின் ஆகிவிட்டாயா என்று. ஜெயின்கள் சூரியன் சாய்வதற்குள் சாப்பிடுகிறவர்கள். வீட்டுக்கு வந்தால் ஒரு டம்ளர் மோர். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரே வேளை போய்விட்டது. அவர்கள் சாப்பிடும்போது நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அந்த நஷ்டத்தை யாரும் சீட்டில் எழுதவில்லை.

கட்டிலின் தலைமாட்டை ஆறு அங்குலம் உயர்த்தச் சொன்னார்கள். ஆபீஸ் பரணில் பழைய பேரேடுகள் கிடக்கின்றன, தடி தடியாக. ஆறு அங்குலத்துக்கு அளவெடுத்தது மாதிரி. ஆனால் லட்சுமி பூஜை போட்ட புத்தகத்தைக் கட்டில் காலுக்குக் கீழே வைத்தேன் என்று சேட்டுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். செங்கல்தான்.

எந்தப் பக்கம் படுப்பது என்பதில் ஒரு வேடிக்கை. எதுக்களிப்புக்கு இடது பக்கம் நல்லது, வயிறு உணவுக்குழாய்க்குக் கீழே தங்கும். ஆனால் இடது பக்கம் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவருக்குப் பக்கத்தில் வரும், துடிப்பு நன்றாகக் கேட்கும். மராத்தி டாக்டரிடம் முறையிட்டேன். "அதிகமாகக் கேட்பதும் அதிகமாக அடிப்பதும் ஒன்றா?" என்றார். இடது பக்கமே படுக்கிறேன். கேட்கிறது. கேட்கட்டும்.

நடுவில் இஎம்ஐயில் ஒரு வாட்ச் வாங்கி, ஒரு நாளைக்கு அறுபது தடவை நாடி பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க ஏறியது. பெண் அதைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டாள். இஎம்ஐ மட்டும் என் கணக்கில்.

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் நாற்பது நாள் நோட்டு போட்டேன். 31, ஏழாக இறங்கியிருந்தது. அந்த ஏழில் நான்கு தீபாவளி வாரம், சேட் வீட்டு காந்தியா என்கிற கடலைமாவுப் பலகாரமும் காஜு கத்லியும். மிச்சம் மூன்றுக்கு எந்தக் கட்டத்திலும் காரணம் இல்லை. இதய டாக்டர் வருஷத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொல்லியிருக்கிறார். மயக்கமோ வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தால் நோட்டு எழுதிக்கொண்டிருக்காமல் நேராக வரச் சொல்லியிருக்கிறார்.

அம்மாவிடம் எண்டோஸ்கோப்பி ரிசல்ட்டைச் சொன்னபோது, "நான் அன்னைக்கே சொன்னேம்லா" என்று ஆரம்பித்து, நடுவிலேயே நிறுத்திக்கொண்டாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை.

போன தை மாதம் அவளே போன் செய்தாள். ரெண்டு நாளாக நெஞ்சுக்குழியில் பிடித்த மாதிரி இருக்கிறதாம், ஓமத்தண்ணி குடித்தும் போகவில்லையாம். நான் பக்கத்து வீட்டுத் தம்பிக்குப் போன் போட்டு, பைக்கில் உட்கார வைத்து அம்பாசமுத்திரம் கூட்டிப்போகச் சொன்னேன். வரமாட்டேன் என்று அவனிடம் அரை மணி நேரம் சண்டை. கடைசியில் போனாள். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, எல்லாம் நார்மல். டாக்டர் இரண்டு நாளைக்கு மாத்திரை கொடுத்து, காரத்தைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். சாயங்காலம் போனில் ஒரே கத்தல்.

"ஏன்யா, வாயுன்னு சொல்லுததுக்கு ஒரு மெசினு, அதுக்கு முந்நூறு ரூவாயா?"

பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதே, எடுத்து வை என்று சொன்னேன்.